போஃபைட்டரின் பின்னிருக்கை

ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் பத்து காஜாவுக்கு ஓடிய பஸ்ஸில் எழுபதுகளில் ஏறி இறங்கியவர்கள் எல்லாருக்கும் கண்டக்டர் ஐயாவுவைத் தெரியும். பெயர்தான் தெரியாது. ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பித்தான் போட்ட காக்கிச் சட்டை, தோளில் தொங்கும் தோல் பை. "உள்ள போங்க, பின்னால காலியா இருக்கு" என்று நாள் முழுக்கச் சொல்வான். சில நாள் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் பேசாமலே வீடு வந்து சேர்ந்திருப்பான். சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் அது அவனுக்கே தெரியவரும்.

வீடு என்பது லகாட்டில் வீரம்மா அக்கா வீட்டின் பின்பக்கத்து அறை. கட்டில், மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு. அக்கா நல்ல மாதிரி. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி அவன் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருக்கும். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பழக்கம் பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தோடு முடிந்தது.

குடும்பம் இருக்கிற கண்டக்டர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அவர்களுடைய ஞாயிறுகளை எல்லாம் ஐயாவு ஏற்றுக்கொண்டான். பதிலுக்கு அவனுக்குச் சனிக்கிழமை மத்தியானம் வேண்டும்.

"அப்படி என்னா மச்சான் சனிக்கிழமையில? பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியா?" என்று டிரைவர் கார்த்திகேசு கேட்பார்.

ஐயாவு சிரித்துவிட்டுப் போய்விடுவான். விளையாட்டு விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று ஒரு டிரைவரிடம் எப்படிச் சொல்வது?

ஹியூலோ சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது பூங் என்ற சீன முதலாளியின், எல்லாருக்கும் தவுக்கேயின், கடை. முன்பக்கம் பள்ளிக்கூட நோட்டு, பென்சில், பூப்பந்து மட்டை. பின்பக்கம் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றைக் கிள்ளி எடுத்து, ஒட்டி, சாயம் பூசினால் விமானம். அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு பளிங்கு மேசை, நாலு ஸ்டூல். சனிக்கிழமை மத்தியானம் அந்த நாலு ஸ்டூலும் நிரம்பிவிடும்.

சதாசிவம் சார் இடைநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். லியோனார்ட் ரயில்வேயில் குமாஸ்தா. கோயிலுக்குப் போட்டுப்போகும் அதே வெள்ளைச் சட்டையோடு வருவார், ஞாயிறு காலையில் மாதா கோயில், சனி மத்தியானம் இது. ராஜு பெரியாஸ்பத்திரியில் பல் செட்டு செய்கிறவன், வயதில் சின்னவன், வாய் பெரியது. நாலாவது ஐயாவு.

அவர்கள் பேசியது எல்லாம் ஒரே விஷயம்தான். கம்பெனிக்காரன் அடுத்து எந்த விமானத்தைப் பெரிய அளவில் வெளியிட வேண்டும்? பெரிய அளவு என்றால் அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. சின்ன அளவில் எல்லா விமானமும் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும். பெரிய அளவில் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும், அதுவும் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிற கம்பெனிகளுக்கு ஈப்போ சந்தில் நாலு பேர் பேசுவது கேட்காது என்று நாலு பேருக்கும் தெரியும். கேட்கும் என்பது போலத்தான் பேசுவார்கள்.

"லங்காஸ்டர்," என்பார் சதாசிவம் சார். "நாலு எஞ்சின். அதை விட்டுட்டு மத்ததப் பேசறதே தப்பு."

"சார், முப்பத்திரண்டுல லங்காஸ்டர்னா இறக்கை மட்டும் மூணு அடிக்கு மேல வரும். எங்க வைப்பீங்க?" என்பான் ராஜு.

"சாப்பாட்டு மேசையில."

"சாப்பாடு?"

"தரையில."

"மிஸிஸ்?"

"அவங்க அம்மா வீட்டுல."

தவுக்கே கல்லாவிலிருந்து மலாயில் சொல்வார், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஜப்பான்காரன் தூங்குகிறான் என்று. கடையில் வேலை செய்த எல்ஸி என்ற பெண் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் அந்த மேசைக்கு இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு விமானம். அது இதுவரை யாரும் பெரிய அளவில் போடாத விமானமாக இருக்கவேண்டும். கம்பெனிக்காரன் அதைப் போட்டுவிட்டால், அந்த ஆள் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தரவேண்டும். அடுத்த சனிக்கிழமை வேறு விமானத்தோடு வரவேண்டும். விமானம் இல்லாதவன் உட்காரலாம், வழக்காடக்கூடாது. இந்தச் சட்டத்தை ரொம்பக் கறாராகப் பார்த்துக்கொண்டவர் லியோனார்ட். அவருடைய மஸ்கிட்டோ அதற்கு முந்தின வருஷம் வெளிவந்தது. அன்றைக்கே தேத்தண்ணி வாங்கித் தந்தார், மறு சனிக்கிழமை ஹார்னெட்டோடு வந்து உட்கார்ந்தார். பத்து வருஷமாக ஹார்னெட்டுக்காகவே வாழ்ந்தவர் போலப் பேசினார்.

ஐயாவுவின் விமானம் போஃபைட்டர். இரண்டு எஞ்சின், இரண்டு ஆள். முன்னால் ஒருவன் ஓட்டுவான். நடுமுதுகில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இன்னொருவன் தனியாக உட்கார்ந்திருப்பான். "வந்துட்டாருப்பா ஃபைட்டர்" என்றுதான் ராஜு அவனை வரவேற்பான். எலி மாதிரி நுழைகிற ஆளுக்கு அந்தப் பெயர். ஐயாவுக்கு அது பிடித்திருந்தது. வாரத்தில் அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான்.

மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவன் வேறு ஆள்.

"லங்காஸ்டர் எப்ப சார் நம்ம காட்டு மேல பறந்துச்சு? போஃபைட்டர் பறந்துச்சு. அவசரகாலத்துல கம்யூனிஸ்டுகளத் தேடி சுங்காய் பக்கம் தினம் பறக்கும்."

"அதான் சின்னதுல இருக்கே லா. வாங்கி ஒட்டிக்கயேன்," என்பார் லியோனார்ட்.

"சின்னதுல பின்னால உக்கார்ந்திருக்கிறவன் உளுந்து அளவு இருக்கான் அண்ணே. மூஞ்சி தெரியல."

"மூஞ்சி தெரிஞ்சு என்னா பண்ணப் போறீங்க? சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்பான் ராஜு.

ஐயாவு அதற்கு எப்போதும் பதில் சொன்னதில்லை. எஞ்சினைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவான்.

பதில் இருந்தது. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் பிறந்தான். அம்மா செல்லாயி பால் மரம் வெட்டுவாள். எட்டு ஒன்பது வயதில் அவனும் அவள் கூடவே மர நிரைக்குப் போவான், பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்து வைப்பான். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை; முதலில் விமானம்தான் வந்தது. மர உச்சியை உரசிக்கொண்டு வந்தது. அம்மா வாளியைப் போட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுந்தாள். அவன் விழவில்லை. விமானத்தின் முதுகில் இருந்த கண்ணாடிக்குள் ஒரு ஆள் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அப்புறம்தான் சத்தம் வந்து காதை அடைத்தது.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னான். "வெள்ளக்காரனுக்கு ஒனக்குக் கை காட்டறதுதான் வேலையா" என்று அண்ணன் மண்டையில் தட்டினான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்தை அறுபதுகளில் துண்டு துண்டாக விற்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணனுக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாளக் கார்டு. வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. எழுபதில் மனைவி பிள்ளைகளோடு பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். குடிமகனின் நீலக் கார்டு வைத்திருந்த ஐயாவு கரையில் நின்றான். மேல்தளத்தில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எல்லாரும் கை காட்டினார்கள். அதில் அண்ணன் கை எது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.

கம்பெனிகளின் புது வருஷத்துக் கேட்லாக் வந்தால் தவுக்கே அதை உறை பிரிக்காமல் வைத்திருப்பார். நாலு பேரும் வந்த பிறகுதான் பிரிக்கவேண்டும். அந்த வருஷம் லியோனார்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். புத்தகத்தை மெதுவாகத் திருப்பி ஐயாவு பக்கம் தள்ளினார்.

போஃபைட்டர். முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

ராஜு அவன் முதுகில் ஓங்கி அடித்தான். சதாசிவம் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். தவுக்கே அந்த நிமிஷமே ஒரு பெட்டிக்கு ஆர்டர் எழுதிக்கொண்டார், வர மாசக்கணக்காகும், சாபார் லா, பொறுமையாக இரு என்றார். ஐயாவு எதிர்க் கடைக்குப் போய்த் தேத்தண்ணி சொல்லிவிட்டு வந்தான். எல்ஸிக்கும் ஒன்று சொன்னான்.

"ஜெயிச்சவன் மூஞ்சியா இது? யாரோ செத்த மாதிரி இருக்கே அண்ணே," என்றான் ராஜு.

"சந்தோசம்தான்."

"சரி, அடுத்த சனி புது விமானத்தோட வா," என்றார் லியோனார்ட்.

அந்த வாரம் முழுக்க டிக்கெட் கிழித்துக்கொண்டே ஐயாவு விமானங்களை நினைத்துப் பார்த்தான். எத்தனையோ பெயர் தெரியும். எதைத் தொட்டாலும் கை விட்டுப் போனது. கடைசியில் லிங்கன் குண்டுவீச்சு விமானத்தை எடுத்தான். அதுவும் நம் காட்டுக்கு மேல் பறந்ததுதான்.

"லிங்கன்," என்றான் சனிக்கிழமை.

"ஏன்?" என்றார் சதாசிவம் சார்.

"நம்ம காட்டு மேல பறந்துச்சு."

"அது போஃபைட்டருக்குச் சொன்ன காரணம். லிங்கனுக்கு என்னா காரணம்?"

அவன் யோசித்தான். "பெரிசு."

"லங்காஸ்டரோட தம்பிதான் அது. லங்காஸ்டரே வந்துட்டா தம்பி எதுக்கு?" என்றார் சார். ஒரே கேள்விதான். பத்துப் பேர் எதிர்த்தாலும் போஃபைட்டருக்கு ஐயாவுவிடம் பதினோராவது பதில் இருக்கும். லிங்கனுக்கு இரண்டாவது பதிலே இல்லை. ஆசையில்லாமல் பேசுகிறவனை அந்த மேசை உடனே கண்டுபிடித்துவிடும். ராஜுகூட அவனைக் கிண்டல் செய்யவில்லை. அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவன் வந்தான், உட்கார்ந்தான், கேட்டான். ஹார்னெட்டும் லங்காஸ்டரும் ராஜுவின் கான்பெராவும் அவன் தலைக்கு மேல் பறந்து மோதிக்கொண்டன. ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தான். "விமானத்தச் சொல்லிட்டுப் பேசு மச்சான்," என்றார் லியோனார்ட். கோபமாகச் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னார். அவன் ஸ்டூல் ஒவ்வொரு வாரமும் மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளியே போனது. யாரும் தள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் போகவில்லை. கார்த்திகேசுவிடம் போய், சனி மத்தியானமும் இனி வேலை பார்க்கிறேன் என்றான்.

"என்னாச்சு, பொண்ணு வேண்டான்னுட்டுச்சா?"

"ஆமா அண்ணே."

கார்த்திகேசு அதற்குப் பிறகு அவனிடம் ரொம்ப அன்பாக நடந்துகொண்டார். அது பொய் என்று சொல்ல ஐயாவுக்கு மனம் வரவில்லை.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். மெங்லெம்புவில் வீடு உள்ள எல்ஸி ஒரு சாயங்காலம் அவன் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, "தவுக்கே சொல்லச் சொன்னாரு. ஒங்க பெட்டி வந்துருச்சு," என்றாள்.

"சரி."

அவன் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் டிக்கெட்டுக்குக் காத்திருந்தார்கள். "மேசையில… யாராச்சும் கேட்டாங்களா?"

"எத?"

"நான் வரலேன்னு."

எல்ஸி ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "கேட்டாங்க," என்றாள்.

யோசித்துச் சொல்கிற பதில் எது என்று கண்டக்டர் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டால் பாதிப் பேர் அப்படித்தான் பதில் சொல்வார்கள். இருந்தாலும் அந்தப் பெண் அவ்வளவு யோசித்துச் சொன்னது அவனுக்கு இதமாக இருந்தது.

பெட்டியை வேலை நாளில் போய் வாங்கிக்கொண்டு வந்தான். மேசையில் செய்தித்தாள் விரித்துத் தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தான். இறக்கை இரண்டு அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேசையில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலில் வைத்துக்கொள்ளவேண்டும். எஞ்சின், சக்கரம், வால், எல்லாவற்றையும் அவசரமில்லாமல் முடித்தான். கடைசியில் ஆட்கள். பின்னிருக்கை ஆள் கட்டைவிரல் உயரம். மூக்கு இருந்தது, தாடை இருந்தது. இரண்டு கையும் மடிமேல் இருந்தன.

ஐயாவு சின்னக் கத்தியை அடுப்பில் காட்டி, அந்த ஆளின் வலது கையைத் தோளோடு அறுத்தான். முழங்கையில் இன்னொரு வெட்டு. கையை உயர்த்தி வைத்து ஒட்டினான். காயும்வரை விரலால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

வீரம்மா அக்கா குழம்புக் கிண்ணத்தோடு ஜன்னலில் வந்து நின்றார். "யாருக்கு தம்பி இது? புள்ளைங்க யாருக்காச்சுமா?"

"எனக்குத்தான் அக்கா."

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வைத்துப் போனார்.

செய்து முடித்த பிறகு அதை யாரிடமாவது காட்டவேண்டும் என்று தோன்றியது. காட்டுகிற இடம் தவுக்கே கடை மேசை ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை லீவு கேட்டான். அட்டைப்பெட்டியில் துணி பரப்பி விமானத்தை வைத்து, தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி, மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ போனான்.

மேசையில் வைத்ததும் மூன்று பேரும் குனிந்தார்கள். நல்லா இருக்கு என்று யாரும் சொல்லவில்லை. அங்கே அப்படிச் சொல்லும் வழக்கமில்லை. இறக்கை ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது என்றார் சதாசிவம் சார். வால் இந்த ரகத்தில் இப்படி இருக்காது என்றார் லியோனார்ட். ஆஸ்பத்திரியில் பல் ராவுகிற ஊசியால் இதைச் செய்திருந்தால் இன்னும் சுத்தமாக வந்திருக்கும் என்றான் ராஜு. ஐயாவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இனி பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

துடைக்கிற துணியோடு வந்து நின்ற எல்ஸிதான் கேட்டாள். "பின்னால இருக்கிறவரு ஏன் கையத் தூக்கிட்டிருக்காரு?"

மூன்று பேரும் மறுபடி குனிந்தார்கள்.

"ஆமா லா, இது பெட்டியில வந்த கை இல்லயே," என்றான் ராஜு.

ஐயாவு சொல்லிவிட்டான். திட்டமிட்டுச் சொல்லவில்லை. நிரை, மங்கு, அம்மா விழுந்தது, சத்தம் பிந்தி வந்தது, கண்ணாடிக்குள் கை உயர்ந்தது. சொல்லி முடித்தபோது தவுக்கேகூடக் கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சதாசிவம் சார், "என்னா உயரம்?" என்றார்.

"என்னது சார்?"

"விமானம். மரத்துக்கு மேல எவ்வளவு?"

"தெரியாது சார். கிட்டத்தான்."

சார் பென்சிலை எடுத்தார். பெட்டி மூடியின் பின்பக்கத்தில் ஒரு கோடு, ஒரு வளைவு. "மணிக்கு இருநூறு மைல்னு வையி. நீ நிக்கிற எடத்துலேருந்து மேல பாக்கறே. கண்ணாடிக் கூண்டு ஒங் கண்ணுக்குத் தெரியற நேரம்…" அவர் உதட்டைப் பிதுக்கினார். "கண் சிமிட்டற நேரம்கூட இல்ல. கை தூக்கினது தெரியாது."

"தெரிஞ்சுது சார்."

"அதோட கூண்டு முதுகுல இருக்கு. நீ கீழ நிக்கறே. நேர் மேல வந்தா வயிறுதான் தெரியும்," என்றார் லியோனார்ட்.

"நேர் மேல வரல அண்ணே. பக்கவாட்டுல சாஞ்சு வந்துச்சு. புல்வெளி மேட்டுல நின்னேன், அது பள்ளத்துப் பக்கம் போச்சு."

"அவன் காதுல மாட்டியிருக்கிற ஹெட்ஃபோனைச் சரி பண்ணியிருப்பான் அண்ணே. இல்லாட்டி மூக்கச் சொறிஞ்சிருப்பான்," என்றான் ராஜு. "நீங்க இருபத்தஞ்சு வருசமா அவன் மூக்கச் சொறிஞ்சதுக்குச் சந்தோசப்பட்டுட்டு இருக்கீங்க."

"மூக்குக்குக் கை இவ்வளவு ஒசரம் போகாது."

"நெத்தி அரிச்சிருக்கும்."

ஐயாவு பதில் சொன்னான். அவர்கள் கேட்டார்கள், அவன் சொன்னான். வெயில் எந்தப் பக்கம் இருந்தது, மரம் எவ்வளவு உயரம், அம்மா முதலில் விழுந்தாளா விமானம் முதலில் வந்ததா. இத்தனை வருஷம் தனக்குள் வைத்திருந்ததைப் பளிங்கு மேசையில் போட்டு நாலாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். அப்போதுதான் கவனித்தான்: அவன் முழங்கை இரண்டும் மேசை மேல் இருந்தன. ஸ்டூலை எப்போது இழுத்துப் போட்டுக்கொண்டான் என்று தெரியவில்லை. விமானத்தச் சொல்லிட்டுப் பேசு என்று லியோனார்ட் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவன் போகவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்க சார், எவ்வளவு தூரத்துல கை தெரியும்?" என்று கேட்டான்.

அதுதான் வழக்கின் மையம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கணக்கில் தீராது, நேரில் பார்த்துவிடுவோம் என்றார் சார். அடுத்த சனிக்கிழமை கடையில் உட்காராமல் லியோனார்டின் பழைய மோரிஸ் காரில் நாலு பேரும் குனோங் ராப்பாட் பக்கம் விமான நிலையத்துக்குப் போனார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர்கள் கடைக்கு வெளியே சந்தித்ததே இல்லை. லியோனார்டின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஐயாவு கேட்க நினைத்தான். இவ்வளவு நாள் கழித்துக் கேட்பது கூச்சமாக இருந்தது.

ஓடுபாதை முடிகிற இடத்தில் வேலியோரம் லாலான் புல்லில் நின்றார்கள். மலேசிய விமானம் ஃபோக்கர் ஒன்று கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கும்.

"தூரக்கண்ணாடி கூடாது. அன்னைக்கு இவன்கிட்ட இல்ல," என்றார் லியோனார்ட்.

"உள்ள இருக்கிறவன் சும்மா எதுக்குக் கை காட்டுவான்? நாம மொதல்ல காட்டணும்," என்றான் ராஜு.

சுண்ணாம்பு மலைகளின் பக்கமிருந்து ஃபோக்கர் தாழ்ந்து வந்தது. கணக்கு வாத்தியாரும் ரயில்வே குமாஸ்தாவும் பல் செட்டு செய்கிறவனும் வேலியோரத்தில் நின்று தலைக்கு மேல் இரண்டு கையையும் ஆட்டினார்கள். ஐயாவு ஆட்டவில்லை. பார்க்கவேண்டியவன் அவன் என்பதால் கண்ணைச் சிமிட்டாமல் நின்றான். விமானம் கடந்தது. முட்டை வடிவ ஜன்னல்கள் வரிசையாக ஓடின. எல்லாம் இருட்டு. ஒரு ஜன்னலில் வெள்ளையாக ஏதோ இருந்தது. கையாக இருக்கலாம், செய்தித்தாளாக இருக்கலாம்.

"தெரிஞ்சுதா?" என்றார் சார்.

"இல்ல சார்."

"சொன்னேன்ல."

லியோனார்ட் காருக்குத் திரும்பினார். வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடி ஹார்னெட், லங்காஸ்டர், கான்பெரா என்று ஆகிவிடும், அவன் ஸ்டூல் மறுபடி தள்ளிப் போகும். ஐயாவுக்கு அது புரிந்தது.

"அண்ணே, நில்லுங்க," என்றான். "ஃபோக்கர்ல ஜன்னல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் ஆள் உள்ள நெழல்ல உக்கார்ந்திருக்கான். போஃபைட்டர்ல அவன் கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கான். சுத்தி வெளிச்சம். ரெண்டும் ஒண்ணு இல்ல."

சதாசிவம் சார் நின்றார். "அது பாயிண்ட்தான்," என்றார் மெதுவாக.

"பாயிண்ட்டுதான். அப்ப கண்ணாடிக் கூண்டு வச்ச விமானத்துல பாக்கணும்," என்றார் லியோனார்ட். "பறக்கும் கிளப்புக்காரங்க சின்ன விமானம் ஒண்ணு வச்சிருக்காங்க. மேல கண்ணாடி. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் அங்க இருக்காரு. கேட்டுப் பாக்கறேன்."

"ஒரு விசயம் அண்ணே," என்றான் ராஜு. கிண்டல் செய்யும் குரல் இல்லை. "அன்னைக்கு நீங்க கை காட்டினீங்களா? மொதல்ல?"

"ஏன்?"

"நீங்க காட்டியிருந்தா அவன் பதிலுக்குக் காட்டினான்னு அர்த்தம். அப்ப நம்பலாம். நீங்க காட்டலேன்னா அவனா எதுக்குக் காட்டறான்?"

இந்தக் கேள்வியை ஐயாவுவிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.

"யோசிங்க. அடுத்த சனி சொல்லுங்க."

டவுனில் அவனைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். கார் அந்தப் பக்கம் திரும்பும்போது உள்ளே மூன்று பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். லகாட் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்டக்டர் அவனுக்குத் தெரிந்தவன்தான். டிக்கெட் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனான்.

ஐயாவு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலைக்குப் போக முயன்றான். மரம் முடிகிற இடம், புல், ஈரம். சின்னப் பையன் நிற்கிறான். அவன் கை எங்கே இருந்தது? ஒரு கையில் மங்கு இருந்திருக்கவேண்டும். இன்னொரு கை? விமானம் வந்தது. சாய்ந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் கை உயர்ந்தது. அவன் நன்றாக உற்றுப் பார்த்தான். முழங்கையில் வெட்டிய தடம் தெரிந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவன் வெட்டி ஒட்டிச் சாயம் பூசிய பொம்மையின் கை அது.

மறுபடி கண்ணை மூடிப் பார்த்தான். மறுபடியும் அதுவே வந்தது.

மெங்லெம்பு தாண்டியது. தெரியாது என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்; ஆம், காட்டினேன் என்று சொல்லிவிடலாம் என்று அவன் முடிவு செய்தான். காட்டினேன் என்றால் எந்தக் கை என்று லியோனார்ட் கேட்பார். வலது கை என்று சொல்லவேண்டும். மங்கு அப்போது எங்கே இருந்தது என்று சார் கேட்பார். அதற்கும் ஒரு பதில் வேண்டும். பஸ் லகாட்டில் நிற்கும்வரை அவன் அதை யோசித்துக்கொண்டே வந்தான்.